இறக்கத்தில் பிரேக்கா, கியரா?

உவர்மலையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "எங்களிடம் இருப்பது ஹொண்டா ஃபிட், ஓட்டோ கியர். போன விடுமுறைக்கு நுவரெலியா போய், இறம்பொடைப் பக்கமாக இறங்கி வரும்போது கருகின மணம் வந்தது. கம்பளையில் நிறுத்திப் பார்த்தால் முன் சில்லுகளுக்குக் கிட்டக் கை கொண்டுபோக முடியவில்லை, அவ்வளவு சூடு. கீழ்க் கியரான 'எல்'லில் போட்டு இறக்கியிருக்க வேண்டும் என்கிறான் தம்பி. இவரோ, பிரேக் பாட் மாற்றினால் ஆயிரக்கணக்கில் முடியும், கியர்பொக்ஸ் போனால் லட்சக்கணக்கில் போகும், வழமையான 'டி'யிலேயே விட்டுப் பிரேக் பிடித்து இறங்கு என்கிறார். ஏப்ரலில் திரும்பவும் போகிறோம், மாமியும் வருகிறா. யார் சொல்வது சரி?"

தங்கச்சி, மலைநாட்டு இறக்கத்துக்குத் தம்பி சொன்னதுதான் சரி. ஆனால் உங்கள் கணவரின் கணக்கை நான் தூக்கி எறியமாட்டேன். திருகோணமலைக்குள் ஓடுகிறவருக்கு அந்தக் கணக்கு நன்றாகவே பொருந்தும். கோணேசர் கோயிலடி ஏற்றமும் நீங்கள் இருக்கிற உவர்மலையும்தான் எங்கள் ஊரில் மலை என்று சொல்லக்கூடியவை. இரண்டும் சில நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்குள் பிரேக் சூடேறவும் நேரமில்லை, அதற்காகக் கியரை இழுத்துக்கொண்டிருக்கவும் தேவையில்லை. கந்தளாய், ஹபரணை வழியாகத் தம்புள்ளை போகும் வரைக்கும் இதே நிலைதான். தட்டை நிலத்தில் பழகின கால் மாத்தளை தாண்டினாலும் அதே பழக்கத்தில் இருப்பதில்தான் பிரச்சினை தொடங்குகிறது.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கம்பளை ஏறத்தாழ 500 மீற்றர். நான்கு பேரும் பைகளுமாக உங்கள் கார் 1,350 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிவரும் சக்தி கிட்டத்தட்ட 60 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கக் காணும். காற்றும் டயரின் உராய்வும் அதில் ஒரு நல்ல பங்கை எடுத்துக்கொள்ளும், சரி. மிச்சத்தை எங்கே கொட்டுவது? நீங்கள் போன முறை அதை முன்பக்கத்து இரண்டு பிரேக் தட்டுகளில் கொட்டியிருக்கிறீர்கள். பின்பக்கத்து டிரம்முக்குச் சின்னப் பங்குதான் போகும். கன்னியா வெந்நீர்க் கிணற்றைச் சில்லில் கட்டிக்கொண்டு இறங்கின மாதிரி!

கருகின மணம் பிரேக் பாட்டிலிருந்து வருவது. பாட்டின் பொடியைச் சேர்த்துப் பிடிக்கும் பிசின் அளவுக்கு மீறிச் சூடானால் வாயுவாகக் கிளம்பும், பிடிமானம் குறையும். அப்போது பெடல் கல்லுப்போல இறுக்கமாக இருக்கும், மிதிக்க மிதிக்க வண்டி நிற்காது. இது முதல் கட்டம், அதிலாவது மணம் வந்து எச்சரிக்கும். இரண்டாவது கட்டம் பிரேக் ஒயில் கொதிப்பது. டொட் 3 என்ற வகைப் பிரேக் ஒயில் புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியஸ் வரை தாங்க வேண்டும் என்பது தரம். ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கிற சாமான். தண்ணீர் ஊறின ஒயிலுக்கு அதே தரத்தில் வைத்திருக்கும் எல்லை 140 பாகைதான். டொட் 4 என்றால் 230 இலிருந்து 155 க்கு இறங்கும். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள் வரும். ஒயிலை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். அதனால் பெடல் பஞ்சுபோல அடிவரைக்கும் போய்விடும். கடற்காற்றுக்குள் நிற்கும் எங்கள் ஊர் வண்டிகளில் இந்த ஒயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள் என்று நான் சொல்லிக் களைத்துவிட்டேன். எஞ்சின் ஒயிலுக்குச் சிட்டை எழுதித் தொங்கவிடுகிற ஆட்கள், பிரேக் ஒயிலைக் கறுத்த தேத்தண்ணியாகும் வரை விட்டுவைப்பார்கள்.

இனி எஞ்சின் பிரேக். அக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் எஞ்சினுக்குக் காற்றுப் போகும் வாசல் மூடிக்கொள்ளும். சில்லுகள் கியர்பொக்ஸ் வழியாக எஞ்சினைச் சுழற்றும். பிஸ்டன்கள் மூடின வாசலுக்கு எதிராகக் காற்றை உறிஞ்சப் பார்த்துத் திணறும். அந்தத் திணறல்தான் உங்களுக்கு பிரேக். எவ்வளவு கீழ்க் கியரோ அவ்வளவு வேகமாக எஞ்சின் சுழலும், அவ்வளவு இழுத்துப் பிடிக்கும். வெப்பம் பாட்டுக்குப் போகாமல் எஞ்சினோடு போய்விடும். சத்தம் கூடும், அதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். இந்த நேரத்தில் கம்பியூட்டர் பெற்றோலை நிறுத்திவிடும். எஞ்சின் கத்துகிறது, ஆனால் ஒரு சொட்டும் எரியவில்லை.

கியர்பொக்ஸ் போய்விடும் என்ற பயத்துக்கு வருவோம். நீங்கள் நுவரெலியாவுக்கு ஏறின நேரத்தை நினைத்துப் பாருங்கள். அப்போது எஞ்சின் முழுப் பலத்தோடு அந்தக் கியர்பொக்ஸைத் தள்ளியது. இறங்கும்போது எஞ்சின் திருப்பிக் கொடுக்கிற இழுவை அதில் ஒரு சிறு பங்குதான். ஏற்றத்தைத் தாங்கின பொக்ஸுக்கு இறக்கம் இளைப்பாறுகிற வேலை. கியர்பொக்ஸைக் கொல்வது வேறு விஷயங்கள்: வருடக்கணக்காக மாற்றாத ஒயில், கண்ட கண்ட ஒயிலை ஊற்றுவது, வண்டி உருளும்போதே 'பார்க்'கில் அல்லது றிவேர்ஸில் போடுவது. உங்கள் ஃபிட்டில் இருப்பது சி.வி.டி. (படிப்படியான கியர் இல்லாமல் பெல்ட்டால் ஓடுகிற பொக்ஸ்) என்றால், அதற்கென்று ஹொண்டா சொன்ன ஒயிலைத் தவிர வேறெதையும் உள்ளே விடாதீர்கள். உங்கள் கணவரிடம் இந்தப் பந்தியை மட்டும் வாசித்துக் காட்டலாம்.

செய்முறை சிக்கலானதல்ல. இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைத் தீர்மானியுங்கள், பாதி வழியில் வேகம் ஏறின பிறகல்ல. உங்கள் காரில் 'டி'க்குக் கீழே 'எஸ்', அதற்கும் கீழே 'எல்' இருக்கும். முதலில் பிரேக்கால் வேகத்தைக் குறைத்து 'எஸ்'ஸில் போடுங்கள். அதிலும் ஒவ்வொரு வளைவுக்கும் பிரேக் தேவைப்பட்டால் 'எல்'. 'எல்'லில் அக்சிலேட்டர் மிதித்தால்தான் வண்டி நகர்கிறது என்றால் திரும்ப 'எஸ்'. ஆர்.பி.எம். முள் 3,000, 4,000 என்று நிற்பது இந்த எஞ்சினுக்குச் சாதாரணம், சிவப்புக் கோட்டைத் தொடாமல் பார்த்தால் போதும். மழை பெய்து றோட்டு வழுக்கும்போது மட்டும் சடாரென்று 'எல்'லுக்குத் தள்ளாதீர்கள். இழுவை முழுக்க முன் சில்லுகளில் விழும், ஸ்டியரிங் பிடி விட்டுப் போகலாம்.

கியர் பிடித்திருக்கிறது என்பதற்காகப் பிரேக்கை மறக்கச் சொல்லவில்லை. வேகத்தைப் பிடித்து வைப்பது கியரின் வேலை, கூடினால் திருத்துவது பிரேக்கின் வேலை. திருத்தும்போது காலைப் பெடலில் வைத்துத் தேய்த்துக்கொண்டே வராதீர்கள். 40 இல் இறங்க விரும்பினால், 40 ஐத் தாண்டும்போது நன்றாக அழுத்தி 30 க்குக் கொண்டுவாருங்கள், பிறகு காலை முழுதாக எடுங்கள். எடுத்த நேரத்தில்தான் தட்டுக்குக் காற்றுப் படும். இன்னொன்று, எஞ்சினால் மட்டும் வேகம் குறையும்போது உங்கள் பின் விளக்கு எரியாது. பின்னால் பஸ் ஒட்டிக்கொண்டு வந்தால் பெடலை இலேசாகத் தொட்டு விளக்கைக் காட்டுங்கள்.

பெற்றோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுகிற சூரர்கள் எங்கள் ஊரிலும் உண்டு. நியூட்ரலில் எஞ்சின் பிடியே இல்லை, மிச்சமும் இல்லை. கியரில் இறங்கினால் பெற்றோல் நின்றுவிடும் என்றேன் அல்லவா, நியூட்ரலில் எஞ்சின் அணையாமல் இருக்கப் பெற்றோலை எரித்துக்கொண்டே இருக்கும்.

அக்வா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார் வைத்திருக்கும் உறவினர்களும் இதையே கேட்பார்கள், அவர்களுக்குச் சுருக்கமாக: 'டி'க்குக் கீழே இருக்கிற 'பி', பார்க்கின் பி அல்ல, பிரேக்கின் பி. சின்ன இறக்கத்தில் அதைத் தொட வேண்டாம். 'டி'யில் இலேசாகப் பிரேக் பிடித்தாலே பற்றரிக்குச் சக்தி திரும்பும். ஆனால் அக்வாவின் பற்றரி ஒரு கிலோவாட் மணிக்கும் குறைவு, இறம்பொடை போன்ற இறக்கத்தில் அது சீக்கிரமே நிறைந்துவிடும். நிறைந்த பிறகு தானாகவே எஞ்சின் வீரிட்டுச் சுழலத் தொடங்கும். பழுதென்று நினைத்துக் கராச்சுக்கு ஓடி வராதீர்கள், மிச்சச் சக்தியை அது அப்படித்தான் கொட்டுகிறது. நீண்ட இறக்கமென்றால் மேலிருந்தே 'பி'யில் வாருங்கள். டொல்பின் வான் போன்ற டீசல்காரருக்கு இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். டீசல் எஞ்சினில் பொதுவாக அந்தக் காற்று வாசல் மூடுவதில்லை, அதனால் பிடியும் குறைவு. லொறிகளுக்குத் தனியாக, புகைக் குழாயை அடைத்து எஞ்சினைத் திணறவைக்கும் எக்ஸோஸ்ட் பிரேக் வைப்பது அதனால்தான்.

மணம் வந்தால் என்ன செய்வது? ஓரமாக, இயன்றளவு சமமான இடத்தில் நிறுத்தி 'பார்க்'கில் போடுங்கள், சில்லுக்குக் கல் வையுங்கள். அரை மணித்தியாலம் விடுங்கள், மாமிக்கும் ஒரு தேத்தண்ணி ஆகும். சூடான தட்டில் தண்ணீர் ஊற்றவே வேண்டாம், வளைந்துவிடும். பெடல் பஞ்சாகி அடிக்குப் போனால் எஞ்சினை அணைக்காதீர்கள், அணைத்தால் ஸ்டியரிங் கனத்துவிடும். பெடலைத் திரும்பத் திரும்ப வேகமாகக் குத்துங்கள், 'எஸ்', 'எல்' என்று படிப்படியாக இறக்குங்கள், கைப் பிரேக்கைப் பொத்தானை அமுக்கியபடி கொஞ்சங் கொஞ்சமாக இழுங்கள். கடைசி வழி, பள்ளப் பக்கம் போகாமல் மலைப் பக்கத்து மண்ணில் உரசுவது. கதவு நசுங்கட்டும்.

ஏப்ரலுக்கு முன் இரண்டு வேலை. முன் பாட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒருமுறை கருகின பாட் மேற்பரப்பில் கண்ணாடிபோல மினுங்கினால், தடிப்பு இருந்தாலும் மாற்றிவிடுங்கள். கூடவே பிரேக் ஒயிலையும். மற்றது, ஒரு காலை நேரம் கோட்டைக்குள்ளால் கோயிலுக்குப் போய், வாகனம் விடுகிற தூரம் வரை ஏறி, இறங்கும்போது வேண்டுமென்றே 'எஸ்'ஸிலும் 'எல்'லிலும் போட்டுப் பாருங்கள். தேவைக்காக அல்ல, அந்தச் சத்தம் காதுக்குப் பழகட்டும் என்றுதான். வெள்ளிக்கிழமை வேண்டாம், சனம் கூட. மற்ற நாளிலும் மெதுவாகவே இறங்குங்கள், அங்கே மான்கள் ஹோர்ன் கேட்டு விலகுகிற சாதியில்லை.