மூன்று ஏ பெற்ற மகளின் பட்டப்படிப்புச் செலவுக்கு என்ன வழி?

ஹட்டனுக்கு அருகிலுள்ள தோட்டமொன்றிலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார்: உயர்தர வர்த்தகப் பிரிவில் மகள் மூன்று ஏ சித்திகளைப் பெற்றுள்ளார், கொழும்புத் தனியார் நிறுவனமொன்று கட்டணத்தில் பாதியைப் புலமைப்பரிசிலாகக் கழித்துத் தருவதாகக் கூறுகிறது, சேர்த்துவிடலாமா?

அவசரப்பட்டு முற்பணம் கட்டிவிடாதீர்கள். அரச பல்கலைக்கழகங்களில் முதற்பட்டத்துக்குக் கற்பித்தற் கட்டணமே கிடையாது என்பதால், உங்கள் மகளின் திறமைக்குக் கிடைக்கக்கூடிய ஆகப் பெரிய பரிசில் அந்த அனுமதியே. அதைத் தீர்மானிப்பது இசட் புள்ளி, அதாவது பாடங்களின் கடினத்தை ஒப்பிட்டுச் சீராக்கிய புள்ளி. மூன்று ஏ பெற்ற இருவருக்கிடையிலும் அது வேறுபடும். பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமைப்படியும், 55 சதவீதம் மாவட்டச் சனத்தொகைப்படியும் பகிரப்படுகின்றன. எஞ்சிய 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு உரியது. ஹட்டன் இருக்கும் நுவரெலியா மாவட்டமும் பதுளையும் அவற்றுள் அடங்குவதால், கொழும்பு மாணவிக்குக் கிடைக்காத இடம் அதே புள்ளியுடன் உங்கள் மகளுக்குக் கிடைக்கக்கூடும். ஆசிரியர் பற்றாக்குறையோடு படித்து முன்னேறிய பிள்ளை இதைப் பெறக் கூச வேண்டியதில்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலைப் படித்து, விருப்ப ஒழுங்கை மிகக் கவனமாக நிரப்பச் சொல்லுங்கள்.

உணவுக்கும் தங்குமிடத்துக்கும் பல்கலைக்கழக மாணவருக்கான மகாபொல உதவித்தொகை இருக்கிறது. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அது மாதம் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ரூபாயாகவும், பர்சரி எனப்படும் மற்றோர் உதவித்தொகை 4,000 ரூபாயிலிருந்து 6,500 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டன. மகாபொலவில் ஒரு சிறு பகுதிதான் திறமைக்கு உரியது. பெரும்பகுதி குடும்ப வருமானத்தைப் பார்த்தே வழங்கப்படுகிறது. எனவே மூன்று ஏக்களைவிட உங்கள் கடதாசிகள்தான் இங்கே பேசும். தகப்பனாரின் பெயர் அடையாள அட்டையில் இராமசாமி என்றும், சம்பளச் சீட்டில் ராம்சாமி என்றும், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் ராமு என்றும் இருப்பது நமது தோட்டங்களில் சாதாரணம். அதை இப்போதே கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் காட்டிச் சரிசெய்யுங்கள். தேயிலைக் கொழுந்து மிகுந்து கூடுதல் கிலோவுக்குப் பணம் வந்த ஒரு மாதத்தின் சீட்டை மட்டும் கொடுத்தால் வருமானம் உள்ளதைவிட அதிகமாகத் தோன்றும். ஆண்டு முழுவதன் சீட்டுகளையும் சேர்த்துக் கொடுங்கள்.

தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கென்றே ஒரு கல்வி நம்பிக்கை நிதியம் உண்டு. கண்டியிலுள்ள இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயத்தில் விசாரியுங்கள்.

தனியார் நிறுவனம் கழிப்பது பாதி. மீதிப் பாதியோடு கொழும்பு வாடகையையும் சாப்பாட்டையும் முழுப் படிப்புக் காலத்துக்கும் கூட்டிப் பாருங்கள். அந்தக் கழிவு முதலாண்டுக்கு மட்டுமா, புள்ளி குறைந்தால் நிறுத்தப்படுமா, அரச அனுமதி கிடைத்தால் கட்டிய பணம் திரும்புமா என்பவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எழுதித் தர மறுக்கும் இடத்தில் பிள்ளையைச் சேர்க்க வேண்டாம்.