சிவராத்திரிக்குப் பூ கிடைக்குமா?

கேள்வி: தொண்டிக்குப் பக்கத்தில் கடலோரம் வீடு. மாசி சிவராத்திரிக்குக் குலதெய்வம் கும்பிட மகனும் மகளும் பேரப்பிள்ளைகளோடு வருகிறார்கள். இன்னும் நாலு வாரம்தான். நாலு குண்டுமல்லிச் செடியும் வெறும் இலையாக நிற்கின்றன. கார்த்திகையில் கவாத்து செய்ய விட்டுப்போச்சு, இப்போது வெட்டலாமா? தொட்டியில் கேந்திக்கு (செண்டுமல்லி) இலை ஓரம் கருகுகிறது, மொட்டும் பழுப்பாகிறது. பிள்ளைகள் வந்தாலும் தண்ணீர் ஊற்றவே என் பொழுது போய்விடும் போலிருக்கிறது.

பதில்: சிவராத்திரிக்கு மல்லிகையை நம்பாதீர்கள். குண்டுமல்லி வெட்டியதிலிருந்து பூக்கச் சுமார் மூன்று மாதம் பிடிக்கும். இப்போது வெட்டினால் சித்திரையில்தான் பூ. இரண்டு செடியை இப்போது வெட்டுங்கள், மற்ற இரண்டைத் தொடாதீர்கள். சாமிக்கு வைக்க நாலு மொட்டாவது அதில் கிடைக்கலாம்.

வெட்டுமுன் ஒரு வாரம் தண்ணீரை நிறுத்துங்கள். தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் விட்டு வெட்டி, காய்ந்த குச்சிகளை அடியோடு எடுத்து, மிச்ச இலைகளை உருவிவிடுங்கள். பிறகு செடிக்கு 10 கிலோ மட்கிய தொழு உரம், 65 கிராம் யூரியா, 375 கிராம் சூப்பர் பாஸ்பேட், 120 கிராம் பொட்டாசியம் சல்பேட். தூரை ஒட்டிப் போடாமல் ஒரு சாண் தள்ளி வட்டமாகப் போட்டு மண்ணால் மூடுங்கள். கடையில் பொட்டாஷ் என்று கேட்டால் குளோரைடு வகையைத்தான் எடுத்துத் தருவார்கள். உவர் மண்ணுக்கு அது வேண்டாம்.

கேந்தியைக் கெடுப்பது பெரும்பாலும் உப்பு. மழைக்காலத்தில் நன்றாக இருந்த போர் தண்ணீர் தை பிறந்ததும் கரிக்கத் தொடங்கும். வேர் இழுத்த தண்ணீர் இலை வழியாக ஆவியாகிப் போக, உப்பு மட்டும் இலை ஓரத்தில் தங்கிக் கருக்குகிறது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பது இதற்கு மிகவும் கெடுதல்: உப்பு அடியில் கழியாமல் தொட்டியிலேயே சேரும். மண்மேல் வெள்ளைப் பொருக்கு தெரிந்தால் அதுதான். நல்ல தண்ணீரை, ஊற்றியதில் ஐந்தில் ஒரு பங்காவது அடித்துளை வழியே வடிகிற அளவுக்கு ஊற்றுங்கள். அரை மணி கழித்து இன்னொரு முறை. அதன்பின் விரலை விட்டுப் பார்த்து, இரண்டு அங்குலம் காய்ந்தால் மட்டும் காலையில் ஊற்றினால் போதும். பூவிலும் இலையிலும் தண்ணீர் படவே கூடாது. தைப்பனியும் சேர்ந்தால் பூசணம் பிடித்து மொட்டு அழுகும். பழுப்புக்கு அதுவும் காரணமாக இருக்கலாம். பழுத்த மொட்டுகளைக் கிள்ளித் தூரப் போடுங்கள்.

தேங்காய் நார்த்தூள் கலப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கழுவாத நார்த்தூளிலேயே உப்பு இருக்கும். நல்ல தண்ணீரில் ஊறவைத்து, இரண்டு மூன்று முறை பிழிந்த பிறகே கலக்க வேண்டும்.

உங்கள் பக்கம் இப்போது வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று உப்புச்சாரலோடு அடிக்கும். தொட்டிகளைச் சுவரின் தென்மேற்குப் பக்கம் மாற்றுங்கள். (கீழக்கரைப் பக்கத்தவர்களுக்குத் தொல்லை ஆனி ஆடிக் கச்சானில், அதாவது தென்மேற்குக் காற்றில்.)

இனி விதை போட்டுப் பயனில்லை. கேந்தி விதைத்துப் பூக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். நர்சரியில் மொட்டு விட்ட கேந்தியும் கோழிக்கொண்டையும் பத்துப் பை இப்போதே வாங்கிவிடுங்கள். உங்கள் தண்ணீருக்குப் பழக அவற்றுக்கு நாள் வேண்டும். அரளியும் நித்தியகல்யாணியும் இருந்தால் கவலையே இல்லை, உப்பைத் தாங்கும்.

வேலையைக் குறைக்க, அவர்கள் வருவதற்கு முதல் நாளே எல்லாத் தொட்டியையும் நனைத்து, மேலே மூன்று விரல் கனத்துக்குக் காய்ந்த இலைச் சருகு பரப்புங்கள். கோயிலுக்குப் போய் ஓர் இரவு தங்கினாலும் வாடாது. பூப்பறிப்பைப் பேரப்பிள்ளைகளிடம் விடுங்கள். கேந்தியைக் காம்போடு கிள்ளச் சொல்லிக்கொடுத்தால் போதும், பறிக்கப் பறிக்கத்தான் அடுத்த மொட்டு வரும். அரளிப் பக்கம் மட்டும் சின்னப் பிள்ளைகளை விடாதீர்கள், செடி முழுவதும் விஷம். தொடுப்பதற்கு வாழைநாரை முந்தின இரவே ஊறப்போடுங்கள். தொடுத்த சரத்தின் மேல் தண்ணீர் தெளிக்காமல், ஈரத்துணியில் சுற்றி வையுங்கள்.

தொடாமல் விட்ட இரண்டு மல்லிகையையும் அவர்கள் ஊருக்குப் போன வாரத்தில் வெட்டிவிடுங்கள்.