ஏரி சுத்தம் செய்யும் தன்னார்வலர் குழு நாங்கள், 40 பேர். இன்னொரு தொற்று வந்தால் வேலையை நிறுத்தாமல் நடத்த என்ன திட்டம் வேண்டும்?

காலேஜ் பிள்ளைகளும் ரிட்டயர் ஆனவர்களும் கலந்த குழு, எல்லோரும் ஒரே வேனில் வருகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். "கொரோனாதான் போயாச்சே, இப்போ எதுக்கு இது?" என்று கமெண்டில் யாராவது கேட்பார்கள். 2023 மே 5-ல் உலக சுகாதார நிறுவனம் முடித்துவைத்தது அவசரநிலையைத்தான், கிருமியை அல்ல. திட்டத்தைக் காய்ச்சல் வந்தபிறகு வாட்ஸ்அப்பில் சண்டை போட்டு எழுத முடியாது.

மூச்சுவழிப் பரவும் நோய் என்றால் ஏரிக்குள் நிற்கும்போது ஆபத்து குறைவு; வெட்டவெளியில் காற்று கலைத்துவிடும். ஆபத்து வேனில் இருக்கிறது, டீ குடிக்கும் இடத்தில் இருக்கிறது. 2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடகர் குழு அறைக்குள் இரண்டரை மணி நேரம் பயிற்சி செய்தது. வந்த 61 பேரில் 53 பேருக்கு நோய், இரண்டு பேர் இறந்தார்கள். மூடிய வேனும் அப்படி ஒரு அறைதான். ஏசியைப் போடாதீர்கள், இரண்டு பக்க ஜன்னலும் திறந்திருக்கட்டும், வேனுக்குள் என்95 மாஸ்க் கட்டாயம். பைக்கில் வர முடிந்தவர்கள் பைக்கில் வரட்டும். மண் வெட்டும்போது மாஸ்க் வேண்டாம் என்பேன். திட்டுபவர்கள் திட்டலாம், ஆனால் வியர்வையில் நனைந்த மாஸ்க்கில் மூச்சு விடுவது கஷ்டம், அதனால் பயனும் இல்லை. கழற்றி ஒரு காகிதக் கவரில் வைத்து, வேனில் ஏறுமுன் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஐந்தைந்து பேராக, ஆள் மாறாத அணிகளாகப் பிரியுங்கள். ஒவ்வொரு அணிக்கும் தனி மண்வெட்டி, கடப்பாரை, சட்டி. பிடியில் ஒரு கலர் பெயிண்ட் அடித்துவிட்டால் குழப்பம் வராது. ஒருவருக்கு நோய் வந்தால் அந்த அணி மட்டும் வீட்டில் இருக்கும், மற்றவர்கள் வேலை செய்யலாம். பெயர், போன் நம்பர், அணி, வேனில் எந்த சீட் என்று எழுதிய தாளை 14 நாள் வைத்திருந்து கிழித்துவிடுங்கள். அது கொரோனாவுக்கான கணக்கு. புது நோய்க்கு சுகாதாரத் துறை சொல்லும் நாளை எடுத்துக்கொள்ளுங்கள்.

கைக்கு சோப்புதான். சேறு ஒட்டிய கையில் சானிடைசர் சரியாக வேலை செய்யாது. கருவிப் பிடிகளுக்கு 10 லிட்டர் தண்ணீரில் 30 கிராம் பிளீச்சிங் பவுடர் போட்டால் ஏறக்குறைய 0.1 சதவீதக் கரைசல் கிடைக்கும். முதலில் சேற்றைக் கழுவுங்கள். சேறு குளோரினைத் தின்றுவிடும். பத்து நிமிஷம் ஈரமாக விட்டு, நல்ல தண்ணீரில் அலசி, இரும்புக்கு எண்ணெய் தடவுங்கள், இல்லையென்றால் துருப்பிடிக்கும். பல நாள் திறந்து கிடந்த மூட்டையில் வீரியம் இருக்காது. கரைசலை அன்றன்றைக்குக் கலக்குங்கள். கழிப்பறை கழுவும் ஆசிட்டோடு மட்டும் சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். ஆள்மேல் தெளிப்பதும் கூடாது. 2020 ஏப்ரலில் திருப்பூர் சந்தையில், நடந்துபோகிறவர்கள்மேல் மருந்து தெளிக்கும் கிருமிநாசினிச் சுரங்கம் வைத்தார்கள். அதே மாதம் 18-ஆம் தேதி, மனிதர்கள்மேல் தெளிக்காதீர்கள் என்று மத்திய சுகாதார அமைச்சகமே சொல்லிவிட்டது.

குடத்தில் டம்ளரை விட்டு மொள்ளும் பழக்கத்தை நிறுத்தி, குழாய் வைத்த கேன் வாங்குங்கள். அண்ணாந்து குடித்தாலும் டம்ளரைப் பிடித்த கை தண்ணீரில் படும். டீயை அணி அணியாகக் குடிக்கட்டும்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். நன்கொடை தரும் கம்பெனிகள் டி-ஷர்ட், தொப்பி தருகிறார்கள், பிறகு பேனரைப் பிடித்து நெருக்கி நின்று போட்டோ கேட்கிறார்கள். மொத்தக் கூட்டமும் தோளோடு தோள் இடிப்பது அந்த ஐந்து நிமிடத்தில்தான். சோப்பு இருக்கிறதா, வரும் பெண்களுக்குக் கழிப்பறை இருக்கிறதா என்று கேட்கும் நன்கொடையாளர் அபூர்வம்.

வேலையை ரத்து செய்யும் அதிகாரம் ஒருவரிடம் இருக்கட்டும், அவர் நன்கொடை வாங்குபவராக இருக்கக் கூடாது. நெற்றியில் பிடிக்கும் தெர்மாமீட்டரை வெயிலில் நம்பாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை வேலை என்றால் சனிக்கிழமை ராத்திரியே ஒவ்வொரு அணித் தலைவரும் போன் செய்து வீட்டில் யாருக்காவது காய்ச்சல், இருமல் உண்டா என்று கேட்கட்டும். வரவில்லை என்பவரிடம் காரணம் துருவக் கூடாது. துருவினால் அடுத்த வாரம் மறைப்பார். ஒரே வாரத்தில் இரண்டு அணியில் நோய் வந்தால் இரண்டு வாரம் நிறுத்துங்கள் என்பதையும் இப்போதே எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.