லவ்டேலில் இருக்கும் உங்கள் கிழங்கு

கேள்வி: எனக்கு 54 வயது. கேத்தியில் கொஞ்சம் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. பங்காளிகளோடு வேலித் தகராறு; ஊட்டி கோர்ட்டில் 6 வருடமாக வழக்கு நடக்கிறது. ராத்திரி 2 மணிக்கு விழிப்பு வந்தால் விடியும்வரை அதே நினைப்புதான். முன்பு வாசல் நிறைய டேலியா வைத்திருந்தேன். லவ்டேலில் இருக்கும் தோழியும் நானும் கிழங்கு மாற்றிக்கொள்வோம். 3 வருடமாக எதையும் தொடவில்லை. வழக்கு முடிந்தால்தான் எனக்கு நிம்மதியா?

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே தந்திருக்கிறேன். முழுதாகப் பார்த்தால் 4 பக்கம். அதில் டேலியாவுக்கு 6 வரிதான். ஆனால் அங்கே வந்ததும் உங்கள் எழுத்தே மாறிவிடுகிறது. மெரூன் பூ ஒன்று சாப்பாட்டுத் தட்டு அகலம் மலர்ந்ததையும், அதைக் கோலால் முட்டுக்கொடுத்து நிறுத்தியதையும் எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தை இரண்டு முறை படித்தேன்.

வழக்கு முடியட்டும், மனசு சரியாகட்டும், அப்புறம் செடியைப் பார்ப்போம் என்று இருக்கிறீர்கள். செடியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பீட்டர் லெவின்சோன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களில் இதை விளக்கினார். சந்தோஷம் தந்த காரியங்கள் ஒவ்வொன்றாக நிற்கும்போது மனச்சோர்வு வளர்கிறது. சோர்வு வளர வளர மிச்சமிருப்பதும் நின்றுபோகிறது. அதனால் ஆசை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கை முதலில் போகட்டும், மனசு மெதுவாகப் பின்னால் வரும்.

வழக்கை மறந்துவிடச் சொல்லவில்லை. அதற்குச் சனிக்கிழமை சாயங்காலம் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். வாய்தா தேதி, வக்கீலிடம் கேட்க வேண்டியது எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி மூடிவையுங்கள். ராத்திரி நினைப்பு வந்தால், சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுங்கள். முதல் வாரமே பலிக்காது. பரவாயில்லை, விடாமல் செய்யுங்கள்.

இனி டேலியா. உறைபனியில் மேலே தண்டு கருகினாலும் மண்ணுக்குள் கிழங்கு பிழைத்திருக்கலாம். பழைய பாத்தியைக் கிளறிப் பாருங்கள். கெட்டியாக இருக்கிற கிழங்காக, பழைய தண்டின் கழுத்தோடு எடுங்கள். முளைக் கண் அந்தக் கழுத்தில்தான் இருக்கும். அது முறிந்துபோன கிழங்கு எத்தனை கொழுத்திருந்தாலும் முளைக்காது. முழங்கால் வலி என்கிறீர்களே, குனிய வேண்டாம். திண்ணையில் ஒரு தொட்டி வைத்தால் போதும். உங்களுக்குத் தெரியாததா, முளை தெரியும்வரை தண்ணீரை அள்ளி ஊற்றிவிடாதீர்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தூக்கமின்மை இப்படியே நீடித்தாலோ, வாழ்க்கையே வெறுத்தாலோ, டாக்டரைப் பாருங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்குப் போன் செய்தால் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

பாத்தியில் எல்லாமே அழுகிப்போயிருந்தால்? கேத்திக்கு அடுத்த ஸ்டேஷன்தானே லவ்டேல்! அந்த மெரூன் கிழங்கில் பாதியைத் தோழிக்குக் கொடுத்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இந்த வாரமே ரயிலேறிப் போய், அதில் ஒன்றைத் திருப்பிக் கேளுங்கள்.