உணரி டிரைவரின் ஆவணத்தில் எதை எழுதுவது?

ஹட்டன் பக்கத் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் இடத்துக்கு வெப்ப உணரி டிரைவர் (உணரியைக் கணினியோடு பேச வைக்கும் நிரல்) எழுதிவிட்டு, ஆவணத்தில் ரெஜிஸ்டர்களை (சிப்பின் உள் நினைவிடங்களை) எல்லாம் விளக்க வேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

வேண்டாம் தம்பி, அதற்குச் சிப் தயாரிப்பாளர் தரும் டேட்டாஷீட் இருக்கிறது. லினக்ஸ் கர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) உணரிகளைக் கவனிக்கும் ஐஐஓ பகுதியில் முக்கியம் அலகுதான்: வெப்பநிலை மில்லி பாகை செல்சியஸில், மின்னழுத்தம் மில்லிவோல்ட்டில். வாட்டலுக்கு ஈரப்பதமும் பார்ப்பீர்கள். அது மில்லி சதவீதத்தில். உணரி தரும் மூல எண்ணோடு ஆஃப்செட்டை (கூட்ட வேண்டிய திருத்த எண்) முதலில் கூட்டி, பிறகே ஸ்கேலால் (அலகுக்கு மாற்றும் பெருக்கெண்) பெருக்க வேண்டும். மூல எண் 2000, ஆஃப்செட் 150, ஸ்கேல் 10 என்றால் 21500, அதாவது 21.5 பாகை. முதலில் பெருக்கினால் 20.15 வரும், ஆவணத்தில் பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

டிரைவரின் அளவுகளைப் பயனருக்குக் காட்டும் பொதுவான சிஸ்எஃப்எஸ் கோப்புகளுக்கு விளக்கம் கர்னலிலேயே உண்டு, திரும்ப எழுதாதீர்கள். உங்கள் சிப்புக்கே உரிய புதுக் கோப்புக்கு மட்டும் பெயர், கர்னல் பதிப்பு, தொடர்பு முகவரி, விளக்கம் கொடுத்தால் போதும்.