சிறு குழு வாசிப்புக்கு என்ன கருவி செய்யலாம்? கேள்விகளும் பதில்களும்

ஆரம்பப் பிரிவில் படிப்பித்து, பிறகு ஆசிரிய ஆலோசகராக மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கப் பள்ளிக்கூடங்களில் சுற்றி ஓய்வு பெற்றவள் நான். வாசிப்புக் குழுக்களுக்கான கருவிகள் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வவுணதீவு, தரம் 2 ஆசிரியை: ரீச்சர், குழு வாசிப்புத் தொடங்கப் போகிறேன். முதலில் என்னென்ன அட்டைகள் செய்து வைக்க வேண்டும்?

ஒன்றும் செய்ய வேண்டாம் மகள். முதலில் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு ஒரு நிமிடம் வாசிக்கச் சொல்லுங்கள். எந்த இடத்தில் தடக்குகிறது என்று கொப்பியில் குறியுங்கள். ஒருத்தி 'கோடு' என்பதை 'கொடு' என்பாள். இன்னொருத்தன் ர, ற இரண்டையும் கண்டால் நின்று விடுவான். ஒரே இடத்தில் தடக்குகிற நாலைந்து பேரைச் சேர்த்தால் அதுதான் குழு. பரீட்சைப் புள்ளியைப் பார்த்துப் பிரித்தால், ஒரே மேசையில் நாலு விதமான பிரச்சினை இருக்கும். எந்த அட்டையும் உதவாது. குழுவையும் நிரந்தரமாக வைக்காதீர்கள். தடை நீங்கிய பிள்ளை அடுத்த குழுவுக்குப் போகட்டும்.

திருக்கோவில், தொண்டர் ஆசிரியர்: கொம்பு வரும் எழுத்துகளில்தான் என் பிள்ளைகள் திணறுகிறார்கள். எழுத்தையும் குறியையும் சுழற்றிச் சேர்க்கிற எழுத்துச் சக்கரம் செய்தேன், சரிவரவில்லை.

தம்பி, சக்கரம் நம் எழுத்துக்குப் பொருந்தாது. 'கா'வில் அரவு (ா) வலது பக்கம் வருகிறது. 'கெ', 'கே', 'கை' மூன்றிலும் குறி இடது பக்கம். 'கொ', 'கோ' என்றால் இரண்டு பக்கமும். சக்கரத்தில் ஒரு பக்கம்தான் சுழலும். அதோடு பிள்ளையின் கண் இடமிருந்து வலம் போகும்போது கொம்பைத்தான் முதலில் காண்கிறது. வாயோ 'க்' ஒலியைத்தான் முதலில் சொல்ல வேண்டும். திணறல் அங்கேதான்.

இதற்கு இழுவை அட்டை செய்யுங்கள். பால்மாப் பெட்டி மட்டையில் உள்ளங்கை அளவு ஒரு துண்டு வெட்டி, நடுவில் 'க' எழுதுங்கள். அதன் இரு பக்கமும் மேலும் கீழும் பிளவு போட்டு, இரண்டு காகிதக் கீலங்களைச் செருகுங்கள். இடது கீலத்தில் வெறுமை, ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, 'கை'க்குரிய குறி. வலது கீலத்தில் வெறுமை, அரவு. பிள்ளை முதலில் நடு எழுத்தில் விரலை வைத்து 'க' என்று சொல்லட்டும். பிறகு தானே கீலத்தை இழுத்து 'கெ', 'கே' என்று மாற்றட்டும். இடது கொம்போடு வலது அரவும் வந்தால் 'கொ'. கையே வேலை செய்வதால் எந்தக் குறி எங்கே வரும் என்பது மனதில் பதிகிறது. ச, த, ப, ம என்று நடு எழுத்தை மாற்றி இன்னும் சில அட்டைகள் போதும்.

கு, டு, மு, து போன்றவற்றை இதில் கொண்டு வராதீர்கள். அங்கே குறி எழுத்தோடு ஒட்டி உருவமே மாறுகிறது. அவற்றை முழு எழுத்தாகவே தனி அட்டையில் எழுதுங்கள்.

அப்புறம் எடு–ஏடு, கொடு–கோடு, தொடு–தோடு என்று சோடிச் சொற்களைக் கொடுங்கள். ஒரு பிள்ளை வாசிக்க, மற்றவர்கள் எந்த அட்டை என்று தொட்டுக் காட்ட வேண்டும். பிழையாக வாசித்தால் பிழையான அட்டைக்குத்தான் கை போகும். நீங்கள் திருத்த வேண்டியதில்லை, அவர்களே பிடித்து விடுவார்கள்.

கல்லடி, ஒரு தாய்: மகன் படமும் சொல்லும் உள்ள மின்னட்டைகளை மடமடவென்று வாசிக்கிறான். புத்தகத்தில் அதே சொல்லைக் கண்டால் முழிக்கிறான்.

படத்தைப் பார்த்துச் சொல்கிறான் தங்கச்சி. படத்தை அட்டையின் பின்பக்கத்தில் ஒட்டுங்கள். முதலில் வாசிப்பு, பிறகு திருப்பிச் சரி பார்ப்பது.

சம்மாந்துறை, தரம் 1 ஆசிரியை: சின்னப் புத்தகம் செய்து கொடுக்க ஆசை. அதில் வீட்டுப் பேச்சுச் சொல் வரலாமா?

கட்டாயம் வரலாம். 'உம்மா புட்டு அவித்தா' என்று இருந்தால் உங்கள் பிள்ளை அடுத்த சொல்லை ஊகித்து, எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும். அர்த்தம் தெரியாத சொல்லை எழுத்துக் கூட்டி வாசித்தாலும், வாசித்தது சரியா என்று அதற்குத் தெரியாது. பாடநூல் சொற்களை அடுத்தடுத்த புத்தகங்களில் மெல்லச் சேருங்கள்.

ஒரு ஏ4 தாளை மூன்று முறை மடித்து விரித்தால் எட்டுக் கட்டம் வரும். நடு மடிப்பில் நடுவிலுள்ள இரண்டு கட்ட நீளத்துக்கு மட்டும் வெட்டி மடித்தால், பசையும் தையலும் இல்லாமல் ஒரு புத்தகம். எழுத்தெல்லாம் தாளின் ஒரே பக்கத்தில் இருப்பதால் போட்டோகொப்பிச் செலவும் குறைவு. நீங்கள் படிப்பித்து முடித்த எழுத்துகளை மட்டும் வைத்து வசனம் எழுதப் பாருங்கள். மிகவும் தேவையென்றால் ஒன்றிரண்டு புதுச் சொல்.

வாகரை, ஆசிரியர்: மழை காலத்தில் அட்டை எல்லாம் பூஞ்சணம் பிடிக்கிறது. கச்சான் காற்றடித்தால் பறக்கிறது. லாமினேட் பண்ணக் காசில்லை.

லாமினேட் பண்ணினால் யன்னல் வெளிச்சம் பட்டு மினுங்கி, ஓரத்தில் இருக்கிற பிள்ளைக்கு எழுத்தே தெரியாது. அகலமான செலோடேப் போதும். எழுத்துகளுக்குச் சோடா மூடி எடுங்கள். பெயின்ற் மார்க்கரால் எழுதினால் காற்றுக்கும் பறக்காது, பூஞ்சணமும் பிடிக்காது. வெட்டுகிற விளிம்பைச் சுத்தியலால் தட்டி மடக்கிய பிறகே பிள்ளைகளிடம் கொடுங்கள். மற்றதெல்லாம் மூடியுள்ள ஐஸ்கிறீம் பெட்டியில்.

களுவாஞ்சிகுடி, தரம் 4 ஆசிரியை: எழுத்தெல்லாம் தெரியும், ஆனால் எழுத்தெழுத்தாகத்தான் வாசிக்கிறாள். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு இன்னும் ஒரு வருடம்தான்.

பழைய வினாத்தாளைத் தூக்கி வையுங்கள் மகள். வசனம் வாசிக்க முடியாத பிள்ளைக்கு வினாத்தாள் பயத்தை மட்டும்தான் கொடுக்கும். வசனத்தைச் சொற்றொடராக வெட்டிய கீலங்கள் செய்யுங்கள்: 'வயலுக்குப் போன அப்பா', 'பின்னேரம்', 'மாட்டோடு திரும்பி வந்தார்'. ஒவ்வொரு கீலத்தையும் ஒரே மூச்சில் சொல்லப் பழக்குங்கள். முதலில் நீங்கள் வாசித்துக் காட்டி, பிறகு சேர்ந்து, பிறகு அவள் தனியாக. அதே பந்தியை அடுத்த நாளும் கொடுங்கள். புதுப் பந்தி தேடி ஓட வேண்டாம்.

கல்முனை, ஆசிரியர்: ஒரு குழுவோடு நான் இருக்கும்போது மற்றப் பிள்ளைகள்?

முந்தைய நாள் குழுவில் பழகிய கருவியையே அவர்களிடம் கொடுங்கள். புதிதாக எதையாவது கொடுத்தால் 'சேர், இது என்ன?' என்று வந்து நிற்பார்கள். இரண்டிரண்டு பேராக, ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்க. கால் மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள், சின்னவர்கள் தாங்க மாட்டார்கள்.