பழைய காரில் இருக்கும் சிடி ஸ்டீரியோவைக் கழற்றிவிட்டு டிஜிட்டல் மீடியா ரிசீவர் போட்டால் உண்மையிலேயே சத்தம் நன்றாக இருக்குமா?

இருக்கும். ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் வாட்ஸைப் பார்த்து வாங்கினால் ஏமாந்துபோவீர்கள். அதற்கு முன்னால் ஒன்று: ஏசி, ரிவர்ஸ் கேமரா, வண்டியின் செட்டிங்ஸ் எல்லாம் ஒரே திரைக்குள் அடங்கிய புது வண்டி என்றால் ஸ்டீரியோவில் கை வைக்காதீர்கள். தனியாகக் கழன்று வரும் செட் உள்ள வண்டிக்குத்தான் இந்தப் பதில்.

டிஜிட்டல் மீடியா ரிசீவர் என்பது சிடி ஓடும் பாகம் இல்லாத ஸ்டீரியோ, அவ்வளவுதான். ரேடியோ, யுஎஸ்பி, ப்ளூடூத், சிலவற்றில் ஒரு ஆக்ஸ் (போனை வயரில் இணைக்கும் துளை). சுழலும் பாகமே இல்லாததால் வண்டி குழியில் இறங்கினாலும் பாட்டு தாவாது. இதன் இன்னொரு சௌகரியத்தைப் பொருத்தும்போதுதான் உணர முடியும். முன்பக்க அளவு பழையபடியேதான்: சிங்கிள் டின் (டின் என்பது கார் ஸ்டீரியோவுக்கான பொது அளவு) என்றால் சுமார் 180 × 50 மில்லிமீட்டர், டபுள் டின் என்றால் உயரம் அதைப்போல் இரண்டு மடங்கு. ஆனால் பின்பக்கம் நீளம் குறைவு. சிடி செட்டுக்குப் பின்னால் வயர் கத்தையைத் திணித்துத் திணித்துக் கை நொந்தவர்களைக் கேட்டால் அதன் அருமையைச் சொல்வார்கள்.

இப்போது வாட்ஸ் கதை. ‘50 வாட்ஸ் × 4’ என்று பளபளவென்று அச்சடித்திருப்பார்கள். என்ஜின் ஓடும்போது காரில் கிடைப்பது சுமார் 14.4 வோல்ட். 4 ஓம் ஸ்பீக்கருக்கு அந்த வோல்ட்டேஜில் சிதையாத சத்தமாகக் கொடுக்கக்கூடியது, கணக்குப்படி ஏறத்தாழ 26 வாட்ஸ். உள்ளே வீணாவது போக 20 வாட்ஸ் பக்கம் நிற்கும். அந்த 50 என்பது, ஆம்ப்ளிஃபயரை முழுக்க முறுக்கிப் பாட்டின் அலையே சதுரமாகிக் கரகரக்கும் நிலையில் வரும் எண். எனவே ஸ்பெசிஃபிகேஷன் தாளில் ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து கொடுக்கக்கூடிய வாட்ஸ், என்ற வரியைத் தேடுங்கள். 50-க்குப் பதில் 55 என்று போட்டிருப்பதற்காகக் கூடுதல் பணம் தராதீர்கள். அந்தப் பணத்துக்கு ப்ரீ-அவுட் (வெளி ஆம்ப்ளிஃபயருக்கு சிக்னல் தரும் துளை) உள்ள செட்டாக எடுங்கள். பின்னால் ஆம்ப்ளிஃபயரோ சப்வூஃபரோ (பேஸுக்கென்றே உள்ள பெரிய ஸ்பீக்கர்) சேர்க்க நினைத்தால் அதுதான் கை கொடுக்கும். 2 வோல்ட்டைவிட 4 வோல்ட் ப்ரீ-அவுட்டில் இரைச்சல் கலப்பது குறைவு.

டச் ஸ்கிரீனா பட்டனா என்றால் நான் பட்டன் கட்சி. ஓட்டும்போது கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல் வால்யூமைத் திருக ஒரு குமிழ் வேண்டும். மேப் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்கள் திரைக்குப் போகலாம், தப்பில்லை.

வயரிங்தான் இந்த வேலையின் உயிர். வண்டியில் வந்த பிளக்கை வெட்டாதீர்கள். உங்கள் மாடலுக்கென்று அடாப்டர் ஹார்னஸ், அதாவது வண்டி பிளக்கையும் புது செட்டையும் இணைக்கும் வயர் கத்தை, கிடைக்கும். அதைப் போட்டால் வண்டியை விற்கும்போது பழைய செட்டையே திரும்ப மாட்டிவிடலாம். புது செட்டிலிருந்து வரும் மஞ்சள் வயர் எப்போதும் 12 வோல்ட் இருக்கும் லைனுக்கு, சிவப்பு சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் லைனுக்கு, கறுப்பு எர்த். மஞ்சளும் சிவப்பும் இடம் மாறினால் பாட்டு என்னவோ பாடும். ஆனால் ஒவ்வொரு முறை சாவியை எடுக்கும்போதும் நீங்கள் வைத்த ஸ்டேஷன், கடிகாரம் எல்லாம் அழிந்துபோகும். ‘செட்டே பழுது’ என்று திருப்பிக் கொடுக்கப் போகிற பலருக்கு இதுதான் வியாதி. சில கார்களின் பிளக்கிலேயே இந்த இரண்டும் மாறித்தான் இருக்கும். நிறத்தை நம்பாமல் சாவியை எடுத்துவிட்டு மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள்; அப்போதும் 12 காட்டுகிற வயர்தான் மஞ்சளுக்கு உரியது. இரண்டையும் அந்த ஒரே லைனில் சேர்த்து முறுக்கினால் செட் அணையவே அணையாது, காலையில் பேட்டரி படுத்துவிடும்.

ஸ்பீக்கர் வயர்கள் வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா என ஜோடி ஜோடியாக வரும். கறுப்புக் கோடு போட்டது மைனஸ். அந்த மைனஸை பாடியில் எர்த் செய்யவே கூடாது, இந்த செட்களில் ஸ்பீக்கரின் இரு முனைக்கும் ஆம்ப்ளிஃபயரே சிக்னல் தருகிறது. ஒரு பக்கம் மட்டும் ப்ளஸ் மைனஸ் மாறினால் பேஸ் மாயமாகிவிடும். நீல வயரையும் சும்மா தொங்கவிடாதீர்கள். கூரையில் குட்டை ஆன்டெனா உள்ள பல வண்டிகளில் அதற்குள் ஒரு சின்ன பூஸ்டர் இருக்கும். அதற்குக் கரண்ட் போகாவிட்டால் எஃப்எம் உஸ் என்று இரையும். ஸ்டீரிங்கில் உள்ள பட்டன்கள் வேலை செய்ய வேண்டுமென்றால் அவற்றை செட்டோடு இணைக்கும் தனி இன்டர்ஃபேஸ் பெட்டி வாங்க வேண்டியிருக்கும். அதை முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். கையில் ஸ்பேனர் எடுக்கும்போது முதலில் பேட்டரி மைனஸைக் கழற்றிவிடுங்கள், இது எல்லோரும் சொல்வதுதான்.

பென் டிரைவைப் பெரும்பாலான செட்கள் ஃபேட்32 (FAT32) முறையில் ஃபார்மேட் செய்திருந்தால்தான் படிக்கும். இதுவரை எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் (போன் பாட்டை ரேடியோ வழியாக அனுப்பும் சின்னக் கருவி) செருகிக் கேட்டவர்களுக்கு யுஎஸ்பி-க்கு மாறியதும் முதல் பாட்டிலேயே வித்தியாசம் தெரியும். எஃப்எம் வழியாக 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் வராது. ப்ளூடூத் வசதியானது, ஆனால் பாட்டை இன்னொரு முறை சுருக்கித்தான் அனுப்பும். நான் நீண்ட பயணத்துக்கு பென் டிரைவ், ஊருக்குள் ப்ளூடூத் என்று வைத்திருக்கிறேன். போன் பேசுவதற்கான மைக் தனியாக வந்தால் அதை ஏசி காற்று படாத இடத்தில், சன் வைசர் பக்கம் ஒட்டுங்கள்.

பொருத்தியதும் செட்டிங்ஸில் ஹை-பாஸ் ஃபில்டரை (குறித்த அளவுக்குக் கீழுள்ள பேஸை வெட்டுவது) 80 ஹெர்ட்ஸில் வைத்துப் பாருங்கள். கதவில் உள்ள சின்ன ஸ்பீக்கர் தன்னால் முடியாத அடி பேஸுக்கு முக்காமல், குரலைத் தெளிவாகப் பாடும்.

இவ்வளவுக்குப் பிறகும் சத்தம் மெலிந்து கேட்டால் ஸ்பீக்கர்தான் காரணம். பழைய காகிதக் கூம்பின் ஓரம் பொடிந்திருக்கும். மாற்றும்போது ‘300 வாட்ஸ்’ என்று எழுதியதைப் பார்க்காமல் சென்சிடிவிட்டி (ஒரே வாட்ஸுக்கு எவ்வளவு சத்தம் என்ற அளவு) 90 டெசிபலுக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். 3 டெசிபல் கூடுதலாக உள்ள ஸ்பீக்கர் அதே சத்தத்தைப் பாதி வாட்ஸில் கொடுத்துவிடும். நம் ரிசீவரிடம் இருப்பதோ 20 வாட்ஸ்தான்.